கோபுரத்தை மறைத்த ஐந்து மாடி

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டின் மேல்மாடி ஜன்னலில் நின்றால், தூரத்தில் கோயில் கோபுரம் தெரியும். என் மனைவி விடிந்ததும் குளித்துவிட்டு அங்கே நின்று கும்பிடுவாள். அதற்குப் பிறகுதான் வாயில் தண்ணீர்கூட. மழை கோபுரத்தை மறைத்தால், மழை விடும்வரை பட்டினி. எனக்கும் காப்பி தாமதமாகும் என்பதால் மழையை நானும் திட்டியிருக்கிறேன்.

அந்தக் கோபுரத்துக்கு முன்னால் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. வம்பு என்னவென்றால், அதன் வரைபடம் தயாரானது என் ஆபீசில். பெரியவர்கள் போட்ட படத்துக்கு மையில் நகல் எடுப்பது என் வேலை. மாடிப்படிகளை மட்டும் என்னையே வரையச் சொன்னார்கள். அந்தத் திமிரில் வீட்டில் நான் அளந்தது கொஞ்சமல்ல. கோலாலம்பூரே இனி அண்ணாந்து பார்க்கும் என்றேன். எங்கள் ஜன்னலை மட்டும் யோசிக்கவில்லை.

மூன்றாம் மாடி வந்தபோது அவள் முக்காலியில் ஏறிக் கும்பிட்டாள். நான்காவதில் கலசம் மட்டும் தெரிந்தது. ஐந்தாவது முடிந்த அன்று ஜன்னலைச் சாத்திவிட்டாள். கைக்குழந்தையோடு தனியாக அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் ஆபீஸ் விட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகு கோயிலுக்குப் போய்வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில்தான் சாப்பிட்டாள். பால் கொடுக்கிறவள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான்கு நாள் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்துக் காவல்கார ஜாகாவிடம் கெஞ்சி, குழந்தையோடு அவளை லிப்டில் உச்சிக்கு அழைத்துப் போனேன். பாடாங் திடல் பக்கத்து மணிக்கூண்டு, சிவப்பு ஓட்டுக் கூரைகள், ஆறு, எல்லாம் காலடியில். கோபுரமும்தான்.

"நல்லாத் தெரியுது பாரு, கும்பிட்டுக்க" என்றேன்.

அவள் அவசரமாகப் பின்னால் நகர்ந்தாள். "சாமி தலைக்கு மேல நின்னுக்கிட்டா கும்பிடச் சொல்றீங்க?"

லிப்ட் வேண்டாம் என்று படியில் இறங்கினாள். நான் பின்னால் போனேன். ஐந்து மாடியும் இறங்கி முடித்ததும் சொன்னாள்.

"படி நல்லா இருக்குங்க. கால் நோகல."

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு கோயிலுக்கு நடந்தேன். அந்தக் கட்டடம் வந்ததும் வெட்கமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"அங்க பாரு, அதுக்குள்ளதான் அப்பா போட்ட படி இருக்கு."