பத்தியம் முறித்த கை

என் புருஷன் கல்கட்டுக் கொத்தனார். மைசூருக்கு வெளியே புது லேஅவுட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. அவர் அஸ்திவாரம் கட்டுவார். நான் சித்தாள், கலவைச் சட்டி சுமப்பேன். ராமாபுரத்துப் பக்கம் எங்கள் ஊர். அங்கே மழை இல்லை, இங்கே கூலி இருந்தது. வந்தோம்.

எந்த சைட்டுக்குப் போனாலும் அவர் முதலில் தகரக் கொட்டகை போடுவார். அடுத்து, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சிறியாநங்கை நடுவார். கை கழுவும் தண்ணீரிலேயே அது வளரும். கல் குவித்த இடத்தில் பாம்பு வரும், பாம்பு வரும் இடத்தில் இந்தச் செடி இருக்க வேண்டும் என்பார்.

கடிபட்டவர்கள் அவரிடம் வருவார்கள். இலையைக் கசக்கி வாயில் வைப்பார். "கசக்குதா?" என்று கேட்பார். கசந்தால் விஷம் ஏறவில்லை. கசக்காவிட்டால் ஏறிவிட்டது. அப்புறம் பத்தியம். மறுநாள் உச்சி வெயில் வரை உப்பு கூடாது, தண்ணீர் கூடாது, தூங்கக் கூடாது. அந்தப் பத்தியத்தை மருந்து கொடுத்த கைதான் முறிக்க வேண்டும். முதல் வாய்த் தண்ணீரை அந்தக் கை கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் விஷம் திரும்பிவிடும் என்பது பேச்சு.

அவரிடம் வந்தவர்கள் பிழைத்தார்கள். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்து யாரும் சாவதில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்று காலையில் குவியலிலிருந்து சைஸ் கல் எடுத்து அஸ்திவாரக் குழியில் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் குவியலின் அடியில் கிடந்த கல்லுக்குக் கீழே கை விட்டார். குக்கர் விசில் வருவதற்கு முன் சீறுமே, அப்படிச் சத்தம் கேட்டது. கையை இழுத்தார். வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பொட்டு. மேஸ்திரி பாம்பைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றார். கண்ணாடி விரியன். முதுகில் சங்கிலி மாதிரி வரி.

"ஏன் புள்ள, பாத்துட்டு நிக்கற? எலையப் பறி" என்றார்.

சுவருக்கு நேர் பார்க்கும் நூலைப் பல்லால் இழுத்து முழங்கைக்குக் கீழே கட்டிக்கொண்டார். அதற்குள் கை வீங்கி விரல் மடங்கவில்லை. இன்னொரு கையால் கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் இலையைக் கசக்கி, உருட்டி, அவர் வாயில் வைத்தேன். எல்லோரையும் அவர் கேட்பதை நான் அவரைக் கேட்டேன்.

"கசக்குதுங்களா மாமா?"

மென்றார். விழுங்கினார். பதில் சொல்லவில்லை.

ஜல்லி இறக்க வந்த லாரியை மேஸ்திரி திருப்பச் சொன்னார்.

"ஏறு மாப்ள. ஊசி போட்டுக்கலாம்."

"எலைதான் உள்ள போயிருச்சே. ஊசி எதுக்கு?"

"ரெண்டும் இருக்கட்டும். உன்ற எலை ஒண்ணும் கோவிச்சுக்காது. ஏறு."

செத்த பாம்பைச் சிமெண்ட் சாக்கில் போட்டு எங்கள் காலடியில் வைத்தார்கள். வழி முழுக்க அவர் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாக்கைத் திறந்து பார்த்தார். உடனே மூடினார். நர்சு நூலை அவிழ்த்தாள். கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் தொடாமல் வைத்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தார்கள். உறையவே இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது. அவர்களிடமும் ஒரு "கசக்குதா" இருந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

விஷமுறிவு மருந்தை சலைன் பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள். ஈறில் கசிந்த ரத்தம் பொழுது சாய்வதற்குள் நின்றது. டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் கொஞ்சம் வரும்.

"அம்மா, இந்த விஷம் கிட்னியப் பிடிக்கும். நீரு சென்னாகி, நல்லா குடிக்கணும். மூத்திரம் எவ்வளவு போகுதுன்னு நீங்க பாத்துச் சொல்லணும்" என்றார்.

ஜாடியில் தண்ணீரும், மூத்திரம் பிடிக்க அளவுக் கோடு போட்ட பாட்டிலும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர் குடிக்கவில்லை. நர்சு வந்தால் டம்ளரை உதட்டில் வைப்பார். அவள் போனதும் என்னிடம் நீட்டுவார்.

"சன்னல்ல ஊத்து."

"ஒரு வாய் குடிங்க மாமா."

"பத்தியம் புள்ள."

"பாட்டில்ல ஏறுறது தண்ணி இல்லாம என்ன?"

"அது நரம்புல போகுது. தொண்டையில போகல."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். இவரும் சிரித்தார். பல் சந்தெல்லாம் கறுத்த ரத்தம்.

விடிந்து பார்த்தால் அளவுப் பாட்டிலில் அடி மட்டும் நனைந்திருந்தது. டிகாஷன் நிறம். அவர் முகம் உப்பியிருந்தது. நான் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். இலை தின்றிருக்கிறார், பத்தியம் இருக்கிறார், தண்ணீர் இறங்கவில்லை என்று. டாக்டரம்மா கோபப்படவில்லை. வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எந்த எலை அண்ணா?"

"சிறியாநங்கைங்க."

"எங்க ஊர்லயும் குடுப்பாங்க. எலை இருக்கட்டும். ஊசிக்குப் பக்கத்துல நிக்கட்டும், முன்னால வந்து நிக்க வேண்டாம். தண்ணிய மட்டும் தடுக்காதீங்க."

இவர் மரியாதையாகத் தலையாட்டினார். குடிக்கவில்லை. உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நீர் பிரியாவிட்டால் உயிர் நிற்காது என்றார். நான் திரும்பிப் போய் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.

"பத்தியத்த யாரு முறிக்கணும் மாமா?"

"தெரியாத மாதிரி கேக்கற. மருந்து குடுத்த கை."

"உங்களுக்குக் குடுத்தது யாரு?"

"நாந்தான். எலை என்றது."

"எலை மண்ணோடது. பறிச்சது நானு. கசக்குனது நானு. உங்க வாயில வெச்சது நானு. உங்க கை அப்ப எங்க இருந்துச்சு?"

என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சை இன்னும் போகவில்லை.

"உச்சி ஆகலையே" என்றார்.

"போன சைட்டுல முழுகாம இருந்தவளுக்கு உச்சி வரைக்கும் காக்காம அன்னிக்குப் பொழுதோடயே முறிச்சுவிட்டீங்களே. கையோட இஷ்டம்னு சொன்னது யாரு?"

"கொத்தனார் பொண்டாட்டி. நல்லா நூல் பிடிச்சுத்தான் பேசற."

வாயைத் திறந்தார். நான் ஊற்றினேன். தாகம் அப்படி இருந்திருக்கிறது. ஜாடி காலியாகும் வரை கேட்டுக் கேட்டுக் குடித்தார். பிறகு படுத்துக்கொண்டு சொன்னார்.

"நேத்து எலை கசக்கல புள்ள. மண்ணத் தின்ன மாதிரி இருந்துச்சு."

"தெரியும்" என்றேன்.

ஆனாலும் நீர் சரியாகப் பிரியவில்லை. முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது, பிறகு அதுவும் நின்றது. ரத்தம் கழுவும் மிஷினில் போட்டார்கள். கை முழங்கை வரை கறுத்தது. மூச்சு வாங்கியது. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

முதல் நாளே குடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"தெரியாதம்மா. எவ்வளவு குடிச்சாலும் சிலரை இந்த விஷம் விடாது."

உண்மையைத்தான் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

மேஸ்திரி எல்லாம் பார்த்துக்கொண்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. கொஞ்ச நாளில் நான் அதே சைட்டில் சட்டி தூக்கினேன். அவர் பாதியில் விட்ட அஸ்திவாரத்தை வேறு ஆள் கட்டினான். டிரம்முக்குப் பக்கத்தில் செடி காய்ந்து கிடந்தது. நான் தண்ணீர் ஊற்றவில்லை. மழை பிடித்ததும் தானாகவே துளிர்த்தது.

அந்த மழையில்தான் கூட வேலை செய்த சித்தாள் ஒருத்தியைப் பாம்பு கடித்தது. விறகு எடுக்கப் போனவள், கணுக்காலில் வாங்கிக்கொண்டு வந்தாள். என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவருக்கு இலை ஊட்டியதால் அந்தக் கை எனக்கு வந்துவிட்டதாம். இப்படி ஒரு பேச்சு நடந்தது எனக்கே தெரியாது.

மேஸ்திரி டெம்போவை நிறுத்தி வைத்திருந்தார். அவள் ஏற மாட்டேன் என்றாள்.

"அண்ணன் ஊசி போட்டுத்தானக்கா போனாரு. உள்ள எலையும் ஊசியும் சண்ட போட்டுக்கிச்சாம். எனக்கு எலை போதும், குடுங்க."

சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். அவர் செத்ததிலிருந்து இவர்கள் கற்றது இதுதான்.

நான் வாதாடவில்லை. அவள் கால் வீங்கிக்கொண்டிருந்தது. ஒரு கொத்து பறித்தேன். கசக்கி அவள் வாயில் வைத்தேன். சொம்பை எடுத்து உதட்டில் வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள்.

"ஐயோ, பத்தியம்?"

"இந்தக் கைக்குப் பத்தியம் தண்ணிதான். தண்ணி குடிக்கணும், ஊசி போடணும். ரெண்டும் செஞ்சாத்தான் இந்த எலை கேக்கும்."

குடித்தாள். மென்றாள். முகம் சுளித்தது. சந்தோஷமாகச் சொன்னாள்.

"கசக்குதுக்கா. நல்லாவே கசக்குது. அப்ப வேண்டாந்தான?"

"கசந்தாலும் ஏறு. கசக்காட்டியும் ஏறு."

கையைப் பிடித்து ஏற்றினேன். நானும் ஏறினேன்.

பாம்பை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதே மாதிரி கண்ணாடிக் குழாயில் ரத்தம் விட்டு வைத்தார்கள். சாய்க்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஓடியது. மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.