காளியம்மாள் உளுந்துக்குத் தண்ணீர் வைத்தது யார்?

என் தங்கை இசைவாணியைப் பார்த்து யாராவது "உன் மேல்தான் தப்பு" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூர் போன முதல் பெண் அவள். கொரோனா வந்ததும் வேலையோடு வீட்டுக்கு வந்து, நெல் மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மென்பொருளில் ஓட்டை தேடுவதுதான் வேலை. கம்ப்யூட்டர்கள் இணையத்தில் ஒன்றோடொன்று பேச உதவும் ஒரு நிரல் தொகுப்பில் ஆபத்தான ஓட்டை இருக்கிறது என்று எழுதிப் போட்டாள். அதைப் பராமரிக்கிறவர்கள், "எங்களிடம் ஒன்றும் ஆகவில்லையே, உங்கள் கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும்" என்று இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள். இவளிடமும் அந்தத் தொகுப்பு நூறில் ஒரு தடவைதான் செயலிழந்து நின்றுபோனது. வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் புகாரை மூடிவிடுவார்களாம். அப்புறம் இவள் பேச்சை யார் நம்புவார்கள்? அழுதுவிடுவாள் போலிருந்தது.

வியாழன் காலையில் வாசலில் காளியம்மாள் அத்தை வந்து நின்றார்.

"அண்ணே! என் உளுந்துல தண்ணி வெச்சது யாரு? ரெண்டு இலை விட்ட பயிரு முழுகிக் கெடக்கு!"

"எனக்கென்னம்மா தெரியும்? சத்தியமா நானில்ல" என்றார் அப்பா இராஜாங்கம், சேறு காயாத மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே.

அத்தை திட்டிக்கொண்டே தெருவில் இறங்கியதும் நான் உள்ளே போய் இசைவாணியின் காதில் போட்டேன். "அப்பாதான்டி. அந்த வயலோட குத்தகைய தையிலயே விட்டுட்டாரு. ஆனா இருபது வருஷப் பழக்கம், நம்ம வயலுக்குத் தண்ணி வைக்கப் போறப்போ அந்த மடையையும் தினம் தொறந்து விடுறாரு. தரிசா கெடந்தவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. இப்ப அத்தை குத்தகைக்கு எடுத்து வெதைச்சிருச்சு, மாட்டிக்கிட்டாரு."

நாற்காலி கவிழ்ந்தது. இவள் தெருவுக்கு ஓடி அத்தையைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"அத்தை! வேற ஆளு வெதைச்சாத்தான் தெரியும்! தெய்வமே!"

"ஏண்டி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

விஷயம் இதுதான். ஒரு இணைப்பு பாதியில் அறுந்தால், கம்ப்யூட்டர் நினைவகத்தில் அதற்கு ஒதுக்கிய இடத்தை அந்தத் தொகுப்பு விட்டுவிடும். ஆனால் அதன் ஒரு பகுதி பழைய முகவரியை மறக்காமல், கொஞ்ச நேரம் கழித்து அங்கேயே போய் எழுதும். இடம் சும்மா கிடந்தால் சேதமில்லை. இவள் இத்தனை நாளும் சும்மா கிடந்த இடத்தையே மாய்ந்து மாய்ந்து சோதித்திருக்கிறாள். இப்போது ஓர் இணைப்பை அறுத்ததும், இன்னொன்றை அதே இடத்தில் குடியேற்றினாள். தொகுப்பு பொத்தென்று விழுந்தது. பத்துக்குப் பத்து தடவை! இவள் அடித்த விசிலில் கொல்லையில் கட்டியிருந்த ஆடு மிரண்டது.

வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் ஓட்டையை அடைத்து, உலகத்துக்கே அறிவிப்பு போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இசைவாணி தமிழில் சொல்லிப் படித்தாள்: "கண்டுபிடித்தவர், இசைவாணி, நீடாமங்கலம். நன்றி, காளியம்மாள்."

"என் பேரா? உலகம் பூராவா?" அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எல்லாம் சரி. தண்ணி வெச்ச படுபாவி மட்டும் கையில கெடைக்கட்டும்."

அப்பா அந்தத் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு எங்க?"

"நீங்கதான் ஒண்ணுமே செய்யலையேப்பா" என்றாள் இசைவாணி, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு.

அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொன்னா? தண்ணி வெச்சது நானு! தினம் காலையில ஆறு மணிக்கு என் கையாலதான் தொறந்தேன்! எழுதச் சொல்லு!"

காளியம்மாள் அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.