மாத்திரைக்குள் கவுச்சி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் பிபி மாத்திரை வாங்கும் மருந்துக்கடையை நடத்துபவர் பர்வீன். கோட்டக்குப்பத்துப் பெண். பார்மஸி படித்தவர். சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கமாட்டார். அதனால் அங்கே கொஞ்சம் காத்திருக்க வேண்டும். போன மாதம் அப்படிக் காத்திருந்தபோது நடந்தது இது.

எனக்கு முன்னால் நின்றவர் தனலட்சுமி. மேல்மலையனூர் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை... அதாவது நிலக்கடலை பயிரிடுபவர். ஐம்பது வயதிருக்கலாம். கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் இரும்புச்சத்து கேப்ஸ்யூல் சாப்பிட்டும் எட்டிலேயே நிற்கிறது. உதிரப்போக்கும் நின்றபாடில்லை.

“நான் மாத்திரையே போடறதில்லன்னு டாக்டர் திட்றாரும்மா. அங்காளம்மா மேல சத்தியமா ஒரு நாள்கூட விடல. இன்னும் பவரா ஏதாச்சும் குடு.”

பர்வீன் வேறு மருந்தை எடுக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்தார், தனலட்சுமியைப் பார்த்தார்.

“எப்படிக்கா சாப்புட்றீங்க?”

“எல்லாரும் சாப்புட்ற மாதிரிதான்.”

“அந்த கேப்ஸ்யூல் மேல் கூட்டை இன்னா பண்றீங்க?”

தனலட்சுமி திரும்பி என்னைப் பார்த்தார். ஆண்கள் முன்னால் சொல்லக்கூடாத சமாச்சாரமோ என்று நான் நாகரிகமாகக் காலண்டரைப் படிக்கத் தொடங்கினேன். காது என்னவோ இந்தப் பக்கம்தான் இருந்தது.

விஷயம் மெதுவாக வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடியும்வரை கவுச்சி - கறி, மீன், முட்டை எதுவும் - தொடுவதில்லை என்று அம்மனுக்கு வேண்டுதல். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர். இந்த நேரம் பார்த்து மகளின் போனில் ஒரு வீடியோ... கேப்ஸ்யூலின் கூடு மாட்டு எலும்பிலும் தோலிலும் செய்வது என்று.

“அதான் கூட்டை உடைச்சித் தூரப் போட்டுட்டு, உள்ள இருக்கற குட்டி குட்டி உருண்டைய கேப்பங்கூழ்ல போட்டுக்குவேன். பல்லுல நறநறன்னு மாட்டுச்சி. அப்புறம் மல்லாட்டை சட்னியோட சேர்த்து மிக்சில அரைச்சிட்டேன்.”

“சட்னியிலயா?”

“வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர்பாட்டுக்கு ரெண்டு கரண்டி போட்டுக்கினு இருக்காரு.”

நான் காலண்டரை விட்டுவிட்டேன்.

“மருந்துக்கு ஏதும்மா கவுச்சி?” என்றேன். விஷயம் தெரிந்தவன்போல.

பர்வீன் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. “இப்படிச் சொல்வாங்கன்னு பயந்துதான் சார் அக்கா டாக்டர்கிட்ட வாயே தொறக்கல.”

நான் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வீடியோவுல சொன்னது பொய்யில்லக்கா. நெறைய கூடு அப்படித்தான் செய்றாங்க” என்றார் தனலட்சுமியிடம். “எங்களுக்கும் அதே பேஜாருதான். எது ஹலால், எது இல்லன்னு தெரியாம எங்கம்மா வைட்டமின் மாத்திரைய முழுங்கற மாதிரி முழுங்கிட்டு பூந்தொட்டில போட்டுக்கினு இருந்தாங்க. ரோஜாச் செடிதான் நல்லா வளந்துச்சி.”

தனலட்சுமி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டையை அப்போதுதான் கவனித்தேன். பத்து வருடமாக இந்தக் கடைக்கு வருகிறேன்! மார்க்கரில் மருந்துப் பெயர்கள். சிலவற்றுக்கு எதிரே ‘செடி’ என்று எழுதியிருந்தது; கூடு தாவரத்தில் செய்தது என்று அர்த்தம். சத்து பவுடர் டப்பாவில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். மருந்து அட்டையில் அது கிடையாது. அதனால் கம்பெனி ரெப் யார் வந்தாலும் பர்வீனின் முதல் கேள்வி - கூடு எதில் செய்தது? தெரியாது என்பவர் தெரிந்துகொண்டு வரவேண்டும். இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பங்களும் இந்த அட்டையைக் கேட்டு வருவதுண்டாம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் அவர்களுக்கு, ‘இரவு உணவுக்குப் பின்’ என்ற மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்வதும் இவர்தான்.

அன்றும் டாக்டருக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். கேப்ஸ்யூல் போய் சிரப் வந்தது.

“இதுல ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டார் தனலட்சுமி.

பர்வீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாட்டிலில் பொடி எழுத்தில் இருந்ததை முழுக்கப் படித்துக் காட்டினார். கம்பெனிக்கும் ஒரு போன். ஒன்றும் இல்லை. பிறகுதான் பாட்டில் கை மாறியது.

“கூழு, மோரு, டீ எதுவும் கூட வேணாம். இரும்ப ஒடம்புல சேர விடாது. எலுமிச்ச சாறு குடிங்க. அந்த உருண்டையெல்லாம் மெதுவா கரையறதுக்குன்னு செஞ்சது. இனிமே எதையும் அரைக்காதீங்க.”

எத்தனையோ பேர் வேண்டுதல் என்று மருந்தை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். மருந்து என்று வேண்டுதலைக் கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தனலட்சுமி இரண்டையும் விடவில்லை. மிக்சியைப் போட்டாவது இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார். வழிதான் தவறு. அந்த உறுதியைக் கேலி செய்யாமல், அதற்கு ஒரு சரியான வழி கண்டுபிடித்துக் கொடுக்க இன்னொரு நம்பிக்கையுள்ள பெண் தேவைப்பட்டார். என்னைப் போன்ற ‘விஷயம் தெரிந்தவர்கள்’ அந்த இடத்தில் எதற்கும் பயன்படவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி கடையில் பார்த்தேன். ரிப்போர்ட்டில் பத்தரை. அமாவாசை கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாயிற்று. ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டையைப் பர்வீனிடம் நீட்டினார் தனலட்சுமி. நோன்பு மாதம், சாயங்காலம் நோன்பு திறக்க ஆகும் என்று வாங்கி உள்ளே வைத்தார் பர்வீன்.

“வீட்டுக்காரர் எப்படிக்கா இருக்காரு?”

“அவருக்கு இன்னாம்மா, நல்லாத்தான் இருக்காரு. சட்னிதான் முன்ன மாதிரி ருசியா இல்லியாம்.”