அழியக் கூடாத கோடு

எங்கள் அத்தையின் நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். போட்டது சென்னையில் இருக்கும் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி. கழுத்தெலும்பிலிருந்து இறங்கி, கட்டியை அறுத்தெடுத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு கக்கம் வரைக்கும் போகும் அந்தக் கோட்டுக்குள்தான் கரண்டு வைப்பார்கள். கதிர்வீச்சு என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. கரண்டு வைக்கிறது என்றுதான் சொல்வார்கள். கோட்டைப் போட்டவர், “இது அழியவே கூடாதும்மா. அழிஞ்சா கரண்டு வைக்க முடியாது” என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரு சொல் சிந்தாமல் முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் மாமா.

அத்தை, அய்யாவின் தங்கை. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவள் புருஷன்தான் மாமா; வீடு எங்களுக்கு அடுத்த தெரு. மிளகாய் வெள்ளாமை போடுகிறவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால் பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். எட்டோ ஒன்பதோ வயது எனக்கு. கோட்டை எனக்குக் காட்டச் சொல்லி அத்தையிடம் கெஞ்சுவேன். “சினிமாவா காட்டுறாக?” என்று சேலையை இழுத்து மூடிக்கொள்வாள். பிறகு அவளே காட்டுவாள்.

மாமாவுக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் பெரிய மரியாதை. பின்பக்கம் ஒரு கட்டடம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது, எலிக்கு நோயை வரவைத்து மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று டீக்கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். “எலிக்கே அம்புட்டுக் கவனிப்புன்னா மனுசரை எப்படிப் பாப்பாக, ரோசிச்சுக்க” என்பார். அப்படிப்பட்ட இடத்தில் தன்னிடம் ஒரே ஒரு காரியத்தை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள் என்பது அவர் நினைப்பு. அந்தக் காரியம் கோடு.

பாதிக்கு மேல் கரண்டு வைத்து முடிந்தபோது அத்தையின் தோல் கருகிப் புண்ணாகிவிட்டது. கொஞ்ச நாள் ஆறட்டும், ஊருக்குப் போய்விட்டுச் சொன்ன தேதிக்கு வாருங்கள் என்று அனுப்பினார்கள். ஊரில் மாமா கோட்டைக் காவல் காத்தார். இரண்டு வேளை தலைக்கு ஊற்றிக் குளித்துப் பழகியவள் அத்தை. இப்போது மாமாவே ஈரத்துண்டால் துடைத்துவிடுவார், வரப்பு உடையாமல் தண்ணீர் பாய்ச்சுகிறவர் மாதிரி. வியர்வை நாற்றம் தனக்கே தாங்கவில்லை என்று அத்தை என்னைப் பக்கத்தில் படுக்க விட மாட்டாள். எனக்கு அது பெரிய குறை.

அந்தச் சமயத்தில்தான் தை அமாவாசை வந்தது. கட்டி இருப்பது தெரிந்த அன்றைக்கே, இராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடவைக்கிறேன் என்று மாமா நேர்ந்திருந்தார். கிணறு கிணறாகப் போய், மேலே நிற்பவர் இறைத்து ஊற்றும் தண்ணீரில் நனைய வேண்டும். வைத்தியம் முடியட்டும், பிறகு போவோம் என்றார் அய்யா. “நேந்ததை ஒத்திப் போட்டா சாமி வைத்தியத்தை முடிக்க விடுமா மச்சான்?” என்று மாமா கேட்டார். அய்யாவே வேனுக்குச் சொல்லிவிட்டார்.

கோட்டுக்கு என்ன வழி என்று மாமா இரண்டு நாள் யோசித்தார். யூரியா மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் பையைக் கழுவிக் காயவைத்து, வெட்டி, அத்தையின் நெஞ்சைச் சுற்றி மூடி, மேலும் கீழும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மேலே ரவிக்கை, சேலை. அத்தை நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது. “என்னய ஒரக்கடையில கொண்டுபோயி விக்கப் போறீகளா?” என்று அவள் கேட்டதும் மாமாவே சிரித்துவிட்டார். வேனில் பாம்பன் பாலம் தாண்டும் வரை அந்தச் சிரிப்பு இருந்தது.

கடலில் அத்தை காலை மட்டும் நனைத்தாள். கோயிலுக்குள் மாமா ஒவ்வொரு கிணற்றுக்கும் எங்களுக்கு முன்னால் ஓடி, சுவர் மேல் வாளியோடு நிற்பவரைப் பார்த்துக் கும்பிடுவார். “அண்ணே, நோயாளி. தலையில மட்டும் பைய, கொஞ்சமா ஊத்துங்க” என்பார். முதல் சில கிணறுகளில் அவர் சொன்னது நடந்தது. அமாவாசைக் கூட்டம் ஏற ஏற யார் பேச்சும் யார் காதிலும் விழவில்லை. முழு வாளித் தண்ணீர் ஊருக்கெல்லாம் விழுவது போலத்தான் அத்தைக்கும் விழுந்தது. அவள் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த முகம் எனக்கு இப்போதும் வேண்டியிருக்கிறது. அதனால் அந்தத் தீர்த்தத்தை என்னால் முழு மனதோடு திட்ட முடிவதில்லை.

ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக் கூடாது. பெண்கள் உடை மாற்றும் இடத்தில் என் அம்மா பிளாஸ்திரியைப் பிரித்தாள். மேல்பக்க ஒட்டு எப்போதோ விட்டுப்போயிருந்தது. கீழ்ப்பக்கத்தை மாமா கெட்டியாக ஒட்டியிருந்தார். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பைக்குள் தேங்கி நின்று, பிரித்ததும் ஊதாவாக இறங்கி ஓடியது. தோலில் அங்கங்கே கறை மட்டும் இருந்தது. அத்தை குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். “அழிஞ்சிருச்சு மதினி” என்றாள் அம்மாவிடம். சும்மாவே விட்டிருந்தால் தண்ணீர் வழிந்து ஓடி, பாதிக் கோடாவது மிஞ்சியிருக்கும். காப்பாற்றப் போட்ட பைதான் ஊறவைத்துக் கழுவியது. வெளியே அதைக் கேட்ட மாமா பிராகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் பங்காளி ஒருவர் வந்து கேட்டுவிட்டு, “சாமியே அழிச்சு விட்டுருக்குய்யா. இனிமே என்னத்துக்குக் கரண்டு?” என்றார். மாமா அதைப் பாதி நம்பினார். மீதிப் பாதி பயம். அய்யா வந்து, சொன்ன தேதிக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள் என்றபோது, “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி நிக்க மச்சான்? ஒரே ஒரு காரியம் சொன்னாக. அதைக் காப்பாத்தத் துப்பில்லைன்னு சொல்லவா?” என்றார். தேதி போய்விட்டது.

தேதி போன மறுவாரம் மாமாவின் செல்போனில் சென்னை நம்பர் அடிக்க ஆரம்பித்தது. வராத நோயாளிகளைக் கூப்பிட்டு விசாரிக்கவே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். மாமா அது திட்டுவதற்கு வருகிற போன் என்று முடிவு செய்துகொண்டார். சட்டைப் பையில் மணி அடிக்கும்போது கையால் பொத்திக்கொள்வார். நான் வேண்டுமானால் பேசட்டுமா என்று அய்யா ஒருமுறை கேட்டார். மாமா தலையை ஆட்டி வேண்டாம் என்றார், அதோடு அய்யா விட்டுவிட்டார். தங்கை புருஷனை அதற்கு மேல் வற்புறுத்தினால் மரியாதையாக இருக்காதாம். அந்த மரியாதையை நான் இப்போதும் மன்னிக்கவில்லை.

பிறகு போன் நின்றுபோயிற்று. நோய் முதுகெலும்புக்கு ஏறியது. அடுத்த வருஷ மிளகாய்ப் பறிப்புக்கு அத்தை இல்லை.

போன வருஷம் என் ஓரகத்திக்கு, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவிக்கு, அதே நோய். அவளைக் கூட்டிக்கொண்டு நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். கரண்டு வைக்கும் அறைக்கு வெளியே ஒரு நாள் அவள் அழுதுகொண்டு நின்றாள். வியர்வையில் கோடு கலங்கிப்போயிருந்தது. உள்ளே இருந்த பெண் எட்டிப் பார்த்து, “இதுக்கா அக்கா அழுவுறீங்க? தெனம் நாலு பேருக்கு அழியும். வாங்க, திரும்பப் போட்டுறலாம்” என்று கூட்டிப்போனாள். அளவெல்லாம் அவர்களிடம் படமாக இருக்கிறதாம். ஒரு டீ குடித்துவிட்டு நான் திரும்புவதற்குள் புதுக் கோட்டோடு வந்துவிட்டாள். நான் அந்த வராண்டாவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து எனக்குத்தான் நோய் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கரண்டை முழுக்க வைத்திருந்தால் அத்தை பிழைத்திருப்பாள் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்ல மாட்டார். பாதியில் நிற்காமல் இருந்திருக்கலாம் என்பதை மட்டும் நானே சொல்லிக்கொள்ளலாம்.

அந்தத் தேதி கடந்துபோன நாட்களில் அத்தை சாயங்காலமானால் தலை வாரி, துவைத்த சேலை கட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்காருவாள். மாமா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருப்பார். முன்பு அவர்களை ரயிலேற்ற அய்யாவோடு இராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் போனதால் எனக்கு மெட்ராஸ் வண்டியின் நேரம் மனப்பாடம்.

“ஏந்தாயி, மெட்ராஸ் வண்டி எத்தன மணிக்கு?” என்று அத்தை கேட்பாள்.

“எட்டே காலுக்கு” என்று கத்திச் சொல்வேன்.

“இப்பக் கெளம்புனாப் புடிக்கலாமா?”

“பஸ்ஸு ஒடனே வந்தாப் புடிக்கலாம்.”

மாமா குனிந்த தலையை நிமிர்த்த மாட்டார். மறுநாளும் அதே கேள்வி. அத்தைக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்துக் கேட்டாளே தவிர, பதில் வர வேண்டியது மாட்டுக் கொட்டிலிலிருந்து என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்டவுடன் சரியான நேரத்தைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் நான் விளையாடப் போய்விடுவேன்.