வழியில் பிரிக்காத பெட்டி

என் அக்காவின் கணவர் வீட்டுச் சாமான் கட்டுகிறவர். வீடு மாறிப் போகிறவர்களின் பாத்திரம், பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி எல்லாவற்றையும் அட்டைக்குள் அடக்கி, டேப் ஒட்டி, நைலான் கயிறு போட்டு லாரியில் ஏற்றும் கம்பெனியில் பழம் தின்று கொட்டை போட்டவர். அங்கே அவருக்கு முடிச்சு மாஸ்டர் என்று பெயர். அவர் கட்டிய பெட்டியை மாடியிலிருந்து தூக்கிப் போட்டாலும் உள்ளே இருக்கும் டம்ளருக்கு விஷயமே தெரியாது என்பார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே அவர் தலையில் கொம்பு முளைக்க வைத்துவிட்டார்கள். வீட்டில் அக்காவுக்குத் தலைவலி மாத்திரை வேண்டுமென்றால்கூட, அது எந்த டப்பாவுக்குள் இருக்கும் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

எனக்கு இந்த அத்தானைக் கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இவள் வஞ்சம் வைத்துப் பேசுகிறாள் என்று யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அக்காவை அவர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்த பயணத்தில் நான் உடன் இல்லை. நடந்ததில் பாதி அக்கா சொல்லித் தெரியும். மீதியை அத்தானே பெருமையாகச் சொன்னார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டிய பெட்டியை வழியில் பிரிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாமானின் சொந்தக்காரர் கேட்டார் என்று நடுவழியில் ஒரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தாராம். போய்ச் சேர்ந்ததும் கைக்கடிகாரத்தைக் காணோம் என்று அதே ஆள் நடுத்தெருவில் இவருடைய சட்டைப் பையைத் துழாவியிருக்கிறார். கடிகாரம் பிறகு கிடைத்துவிட்டது. இவருக்குப் போன மானம் திரும்பவில்லை. அதைக் கேட்டால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆளிடம் காட்ட வேண்டிய ரோஷத்தை ஆயுசு முழுக்க என் அக்காவிடம் காட்டினார்.

அக்காவுக்குக் கண்ணுக்குள் பிரஷர் ஏறும் நோய். ஒரு கண் சில வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணையும் அது பிடித்துக்கொண்டது. அக்காவின் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம், நான் இருக்கும் நகரத்தில், பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே படுக்கை விரிப்பு துவைக்கும் பகுதியில் எனக்கு வேலை. டாக்டரம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அக்காவின் ஆபரேஷனுக்கு நாள் வாங்கினேன். அதுவரை கண்ணில் விடுவதற்குச் சொட்டு மருந்தும் கொடுத்தனுப்பினார்கள். குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், காலை, மதியம், மாலை மூன்று வேளையும் விட வேண்டும்.

“ஒரு வேளை தப்பினாக்கூட ஆபத்து. இருக்கறது ஒரே கண்ணு, ஞாபகம் வச்சுக்கங்க” என்று டாக்டரம்மா போனில் அத்தானிடமே சொன்னார். “என் பொறுப்பு டாக்டர்” என்றார் அத்தான்.

அவர் பொறுப்பைத்தான் செய்தார். கிளம்பும் காலையில் அக்கா மருந்தை விட்டு முடித்ததும் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

“என் கைப்பையிலேயே இருக்கட்டுமே” என்றாள் அக்கா.

“போன பாட்டில் உன் கைப்பையில என்ன ஆச்சு? மூடி கழண்டு மொத்தமும் கைக்குட்டை குடிச்சுதா இல்லையா? மத்தியானம் போய் இறங்கிடுவோம். அங்க ஊத்திக்கோ.”

பாட்டிலைப் பஞ்சில் சுற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் இறக்கி, பிளாஸ்கைத் துணிக்குள் புதைத்து, பெட்டியை மூடி, குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டிக் கயிறு போட்டார். பெட்டி பஸ்ஸின் அடியில் சாமான் அறைக்குப் போனது.

மதியம் வந்தது. பஸ் எல்லையை நெருங்கக்கூட இல்லை. முன்னால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட்டைச் சாய்த்துப் படுத்தார்.

“என்னங்க, மருந்து விடற நேரம். பெட்டியை எடுத்துத் தாங்களேன்.”

“போய்த்தான் பிரிக்கணும்.”

“கண்ணு கடுக்குதுங்க.”

“ஜன்னல் ஓரம் உட்காராதேன்னு சொன்னேன்ல? காத்து அடிச்சா கடுக்கத்தான் செய்யும்.”

அந்த நேரம் கைக்குழந்தையோடு இறங்கிய ஒரு பெண்ணின் பெட்டி அடி விட்டுப் போய், பால் புட்டியும் துணியும் தரையில் கொட்டின. அத்தானுக்குக் கை துறுதுறுத்துவிட்டது. பையில் எப்போதும் இருக்கும் டேப்பையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வெயிலில் மண்டி போட்டு உட்கார்ந்தார். பெட்டியை முழுக்கப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் கும்பிடாத குறை. நல்லவர்தான், யார் இல்லை என்றது? ஊருக்கெல்லாம் நல்லவர்.

பஸ் படியில் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா, மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார், இப்போது கேட்கலாம் என்று நினைத்திருக்கிறாள்.

“கத்தி கையில இருக்கும்போதே நம்ம பெட்டியையும் ஒரு நிமிஷம்...”

“அது உடைஞ்ச பெட்டி. நம்மது நல்லா இருக்கற பெட்டி. அதை எதுக்குப் பிரிக்கணும்?” என்றாராம்.

கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குக் கண்ணுக்குப் பின்னால் பிளக்கிற மாதிரி வலி வந்தது. கடையின் விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தது. பிறகு வாந்தி. பஸ்ஸில் இருந்தவர்கள் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், விசிறினார்கள். “இவளுக்கு எப்பவும் பஸ் ஒத்துக்காது” என்று அத்தான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணைப் பற்றி யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை.

எல்லைச் சாவடியில் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்தார்கள். அது தெரிந்ததும் அக்காவுக்குப் போன உயிர் வந்தது. இவர் பிரிக்காவிட்டால் என்ன, அதிகாரி பிரிப்பார். வலியோடு வலியாக வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவரின் சூட்கேஸைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். அடுத்து அத்தான் பெட்டியை மேஜையில் வைத்தார்.

அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். கயிற்றைச் சுண்டினார்.

“யாரு கட்டினது?”

“நான்தான் சார். இதுதான் என் தொழில்.”

“இவ்வளவு அழகா கட்டினதைப் பிரிக்க மனசே வரலைப்பா. எடுத்துட்டுப் போங்க.”

அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “பிரிச்சுப் பாருங்க சார்” என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். “என்னம்மா, உங்க வீட்டுக்காரர் மேல உங்களுக்கே சந்தேகமா?” வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தானும் சிரித்தார். மேஜைக்குக் கீழே அவர் கிள்ளியதில் அக்காவின் கை கன்றிப் போயிருந்ததைப் பிறகு நான் பார்த்தேன்.

“உள்ள மருந்து இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?” என்று பின்னால் அவளிடம் கேட்டேன்.

“அத்தனை பேர் முன்னாடி அவருக்கு அசிங்கமா இருக்காதா, பாப்பா?” என்றாள். எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது.

பஸ் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கம்பியைத் தடவிக்கொண்டே அக்கா இறங்கினாள். நான் அவள் முகத்துக்கு நேரே நின்றேன். “பாப்பா வந்திருக்காளான்னு பாருங்க” என்று கணவரிடம் சொன்னாள். அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். முகம் மாறியது. “மருந்து எங்க?” என்றார்.

அப்போது பிரித்தார். பரிசோதனை அறையின் பெஞ்சில் வைத்து, முடிச்சை நிதானமாக அவிழ்த்து, கயிறு வீணாகாமல் சுருட்டி வைத்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து பாட்டிலை எடுத்தார்.

“தொட்டுப் பாருங்க டாக்டர். ஐஸ்கூட முழுசா கரையலை.”

“கடைசியா எப்ப விட்டீங்க?”

“காலையில.”

“மத்த வேளை?”

அத்தான் ஒரு நொடி அக்காவைப் பார்த்தார். “அவ மறந்துட்டா டாக்டர். நான் பத்திரமாத்தான் வச்சிருந்தேன். அவ கேட்கவே இல்லை.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தலையை ஆட்டினாள். “ஆமா டாக்டர். மறந்துட்டேன்.”

பிரஷரை இறக்க என்னென்னவோ செய்தார்கள். நரம்பு செத்துவிட்டது, இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்று டாக்டரம்மா கடைசியில் கையை விரித்துவிட்டார். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் அத்தான், அதிகாரி தன் பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல் விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவில், “இவளுக்கு இந்த மறதி மட்டும் இல்லேன்னா கண்ணு பொழைச்சிருக்கும்” என்று பெருமூச்சும் விட்டார். அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பும் அன்று அவர் பஸ் விசாரிக்கப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நீ எத்தனை தடவை கேட்டேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். அந்த ஆளு முகத்தில கரி பூசாம விடமாட்டேன்.”

“சத்தம் போடாதே.”

“நீ போகாதே. இங்கேயே என்கூட இருந்துடு.”

“உன் ஹாஸ்டல் ரூம்ல எனக்குப் படுக்க இடம் இருக்கா, பாப்பா?”

கட்டிலை முறை வைத்துத்தான் நாங்களே படுக்கிறோம்.

“நீ சொல்லிட்டு உன் வேலையைப் பார்க்கப் போயிடுவே” என்றாள். “அவர் மனசு கோணிட்டா அப்புறம் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு?”

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினாள். அத்தான் வந்தார். பெட்டியை ஒரு கையிலும் மூட்டையை மறு கையிலும் எடுத்துக்கொண்டார்.

“ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு” என்றார். “சட்டையைப் பிடிச்சுக்கோ.”

அக்கா காற்றில் துழாவி, சட்டையின் நுனியைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.