ஜூலை மாதத்துக் கோட்டுகள்

அடுத்தவர் வயிற்றைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் துணி ஆல்ட்ரேஷன் தொழிலில் முதல் பாடம். உங்களில் மிஷின் மிதிக்கிறவர்கள் யாராவது இருந்தால் இப்போது தலையாட்டுவீர்கள். எனக்கு அது கஷ்டமில்லை, நான் சாதாரணமாகவே வாய் திறக்க மாட்டேன். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மலேசியாவின் கோல சிலாங்கூரில் எங்கள் கடை; முன்னால் நின்று பேசுவது முதலாளி கமலா அக்கா. பின்னால் என் மிஷின், பக்கத்தில் ஸ்பிரிங் தொட்டிலில் என் மகள்.

ஜூலை வந்தால் எங்களுக்குக் கோட்டு சீசன். மாதக் கடைசியில் வீரர் தினம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமாக்கள் அலமாரியில் தொங்கும் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். பட்டன் எட்டாது. நேரே எங்கள் கடைக்கு வருவார்கள்.

சுருங்கிய கோட்டு

சார்ஜன் மாமா எஸ்டேட் லயத்தில் பிறந்து, பட்டாளத்தில் சார்ஜனாகி, பென்சனோடு திரும்பியவர். வீரர் தினத்தில் பழைய வீரர்கள் வரிசையின் முன்னால் நின்று கட்டளை கொடுப்பது அவர்தான். வருஷா வருஷம் அவர் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விடுவேன். போன வருஷம் பார்த்தால் உள்ளே பிரிக்கத் துணியே மிச்சமில்லை.

நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மாமாவே ஆரம்பித்தார். டோபிக்காரன் சுடுதண்ணியில் போட்டுவிட்டானாம், அதனால் கோட்டு சுருங்கிவிட்டதாம். கமலா அக்கா “ஆமாலா மாமா, இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல” என்று ஒத்து ஊதினார். கூட வந்த மாமாவின் மனைவி லெட்சுமி அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை.

“டோபி மேல பழி போடாதீங்க. கோட்டு ஒண்ணும் சுருங்கல, உங்க சோத்துத் தட்டுதான் சுருங்க மாட்டேங்குது.”

இரண்டு மடிப்பு

மலாய்க்கார மாமா பாக்சிக் யூசோப், சார்ஜன் மாமாவோடு ஒரே முகாமில் இருந்தவர். சர்க்கரை வியாதியில் இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கோட்டுக்கு ஏற்ற புதுச் சிலுவார், அதாவது கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம். இடது பக்கத்தை வெட்டிச் சின்னதாக்குவதா, அப்படியே விடுவதா? கேட்கவும் கூச்சம், கேட்காமல் கத்தரிக்கோல் எடுக்கவும் பயம். கடைசியில் சுண்ணாம்புக் கட்டியால் முட்டி பக்கம் ஒரு கோடு போட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோடு போட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார். மடித்து ஊக்கு குத்திக்கொள்வது தன் வேலையாம். பிறகு சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“ரெண்டு காலோடதான் பட்டாளத்துல சேர்ந்தேன் மகளே. மடிப்பு ரெண்டுலயும் இருக்கணும்.”

ஆடாமல் நில்லுங்கள்

அதே வாரம் சபாக்கிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், விளையாட்டுச் சிலுவார் நீளம், குறைக்க வேண்டும். நான் தரையில் உட்கார்ந்து ஊசி குத்த ஆரம்பித்தேன். திடீரென்று கமலா அக்கா கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்து ரொட்டிச் சானாய் கடையே எழுந்து வந்துவிட்டது. ஆளுக்கொரு படம் எடுக்கிறார்கள், அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறார். என் ஊசி எங்கெங்கோ போகிறது.

“அங்கிள், ஆடாம நில்லுங்க” என்றேன். கடையே சிரித்தது. மாநிலக் காற்பந்து அணியில் ஒரு காலத்தில் கோல் மழை பொழிந்த குணா அங்கிளாம் அவர். எனக்கு எப்படித் தெரியும்? அவர் ஆடிய காலத்தில் நான் பிறக்கவே இல்லை.

ஒட்டுத் துணி வைத்துப் பெரிதாக்கிய கோட்டை வாங்க வந்த சார்ஜன் மாமா மட்டும் படம் எடுக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அந்த பெனால்டிய வெளியில அடிச்சவன் நீதானே?” என்றார். அப்போது மாமா எல்லைக் காட்டில் காவல் இருந்தாராம். முகாமில் இருந்த எல்லாரும் ஒரு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம். அன்று இரவு ஒருத்தரும் சாப்பிடவில்லையாம். குணா அங்கிள் முகம் தொங்கிப் போய், கமலா அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

“அத்தனை கோல் அடிச்சேன்க்கா. கண்ணால பாத்தவன்கூட மறந்துட்டான், காட்டுல உக்காந்து காதால கேட்டவரு மறக்க மாட்டேங்கிறாரு.”

அன்று இருவரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அதன் பிறகு குணா அங்கிள் சபாக்கிலிருந்து அடிக்கடி வந்து போனார்.

வெட்டாதே

இந்த ஜூலையில் சார்ஜன் மாமா வரவில்லை. லெட்சுமி அத்தை மட்டும் கோட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். கூடவே ஒரு சணல் கயிறு, அதில் ஒரு முடிச்சு. மாமா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இடுப்பைச் சுற்றி எடுத்த அளவு அது. கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், ஒரு சாணுக்கு மேல் துணி மிச்சம். என் டேப்பை நான் எடுக்கவில்லை.

மாமாவால் சத்தம் போட்டுப் பேச முடியவில்லையாம், எழுந்து நிற்க முடியவில்லையாம். ஆனால் வரிசைக்கு முன்னால் போய்த்தான் ஆவேன் என்று பிடிவாதமாம். கமலா அக்கா துணியைத் தடவிப் பார்த்து, இவ்வளவையும் உள்ளே வைத்துத் தைத்தால் மூட்டையாகத் துருத்தும், வெட்டிவிட்டால் கச்சிதமாக இருக்கும் என்றார். தொழில்படி அதுதான் சரி. அத்தை நேரே பின்னால் என் மிஷினிடம் வந்தார்.

“வெட்டாத கண்ணு, மடிச்சுத் தை. நாளைக்கு அவரு பழையபடி திங்க ஆரம்பிச்சா ஒட்டுத் துணிக்கு நான் எங்க போவேன்?”

செடியா

வீரர் தினத்தன்று காலையில் கடைக்கே வந்துவிட்டார்கள். மாமா சக்கர நாற்காலியில். தள்ளிக்கொண்டு வந்தது குணா அங்கிள். வாசற்படியில் சக்கரம் இடித்ததும் மாமா மெல்லிய குரலில், “பாத்துடா. அவ்வளவு பெரிய கோல் கம்பத்தையே விட்டவன், கதவையா கண்டுபிடிக்கப் போற?” என்றார்.

நான் கோட்டை மாட்டிவிட்டேன். பட்டன் பொருந்தியது. பதக்கங்களை அத்தை குத்தினார். மாமா எதற்கோ தொண்டையைச் செருமினார். ஒரு மூச்சு இழுத்து, “செடியா!” என்று கட்டளை போட்டார். மலாயில் அட்டென்ஷன். குணா அங்கிள் விறைத்து நின்றார், கமலா அக்காவும் நின்றார், தொட்டிலில் என் மகள் அலறினாள். மாமாவுக்குத் திருப்தி.

அப்புறம்தான் அவர் கை கோட்டுக்குள் போனது. பக்கவாட்டில் மொத்தமாக மடிந்திருந்த துணியை விரலால் நெருடினார். “என்ன இது, உள்ள மெத்த தச்சிருக்கீங்களா?”

அத்தை பட்டன் டப்பாவைப் பார்த்தார். எப்போதும் பேசுகிற அக்கா டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான்தான் சொன்னேன்: “அடுத்த வருஷத்துக்கு, மாமா.”

அவர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

“சரி. பிரிக்கிறப்ப நீதான் பிரிக்கணும். இந்தக் கமலா கையில கொடுத்தா கத்திரிக்கோல போட்டுருவா.”

அடுத்தவர் வயிற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, ஆனால் ஒரு வாடிக்கையாளரின் வயிறு பெருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனிடம் வேண்டிக்கொள்கிற தையல்காரி இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.