கதவைத் திறக்கக் கேட்ட கலியமூர்த்தி

செவ்வாய்க்கிழமை காலை விருத்தாசலத்திலிருந்து கலியமூர்த்தி சாரின் மகள் செல்வி போனில் பேசினாள். "அத்தை, அப்பா தூக்கத்துலயே போயிட்டாங்க." நான் அவருக்கு உறவல்ல. சின்னத்திரையில் பலமுறை அவருக்கு மனைவியாக நடித்தவள்.

நடிகர் கலியமூர்த்தி என்றால் பலருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் தெரியும். இன்ஸ்பெக்டர், டாக்டர், பெண்ணுக்கு அப்பா என்று படத்துக்கு ஒரு காட்சியில் வருவார். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவோடு சென்னைக்கு வந்தவர். "ஒரு சீன்னாலும், அந்த ஆளு காலையில என்ன சாப்ட்டான்னு தெரிஞ்சிக்கிட்டுத்தாங்க நடிக்கணும்" என்பார்.

கடைசித் தொடரில், காதல் மணம் செய்த மகளை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தும் தகப்பன் அவர். ஒரே டேக். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் சாப்பிட வரவில்லை. போய்க் கேட்டேன்.

"நடிக்கலைங்கம்மா. செல்விகிட்ட அன்னிக்கு சொன்னத அப்படியே சொன்னேன்."

செல்வி வேறு மதத்துப் பையனை மணந்து திட்டக்குடியில் இருந்தாள். தந்தையும் மகளும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தக் காட்சி ஒளிபரப்பான வாரம் அவர் ஊருக்குப் போனார். வேப்பூர் டீக்கடையில் ஒரு பெண்மணி பிடித்துக்கொண்டாராம். "பெத்த பொண்ண வாசல்ல நிக்க வச்சியே, நீயெல்லாம் மனுசனா?"

"தப்புதாங்கம்மா" என்று கைகூப்பியவர், விருத்தாசலம் பஸ்ஸை விட்டுவிட்டுத் திட்டக்குடி பஸ்ஸில் ஏறினார். மகள் வீட்டு வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். "இது என்னப்பா கேள்வி? உங்க வூடு" என்றாளாம் செல்வி.

திரும்பி வந்ததும் இயக்குநரிடம், கதையிலும் தகப்பன் கதவைத் திறக்கட்டும் என்று கேட்டார். "திறந்துட்டா கதையே முடிஞ்சிடும் சார்" என்று இயக்குநர் மறுத்துவிட்டார். கையில் வேறு வேடம் இல்லாத நேரத்தில் கலியமூர்த்தி விலகினார். தொடரில் அவர் படத்துக்கு மாலை போட்டார்கள். அதிலும் அவர் மனைவியாக நடித்த நான் பொட்டழித்து அழுதேன். அதை மகள் வீட்டில் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்: "நல்லா அழுதீங்க. நெசமாவே செத்துட்டனோன்னு நெனச்சேன்."

பிறகு அவரை யாரும் பெரிதாக அழைக்கவில்லை. மகளையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு விருத்தாசலம் வீட்டுக்கே திரும்பிவிட்டார். "வருத்தம் இல்லன்னா பொய்ங்க. ஆனா செல்வி கையால சாப்புடுறேனே" என்றார்.

நான் விருத்தாசலம் போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு வாசலில் வாக்குவாதம். "பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரலாமா?" என்றார் ஒரு பங்காளி. மருமகன் அமைதியாகச் சொன்னார்: "இவதான் கொள்ளி வைக்கணும்னு மாமாவே கேட்டுட்டுப் போயிருக்காங்க."

செல்வி தீச்சட்டியை வாங்கிக்கொண்டாள். மணிமுத்தாற்றுக் காற்றில் நெருப்பு அணையாமல் கணவர் ஒரு பக்கம் கையை அணைபோல் வைத்துக்கொள்ள, தகப்பனுக்கு முன்னே நடந்தாள். ஊர் விலகி வழிவிட்டது.

போயிட்டு வாங்க, கலியமூர்த்தி சார்.